ஷூ போட்ட ஒன்பது பேர்

அந்த ரொட்டிக் கூடத்தில் கூட்டம் என்றால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான். பகல் வேலைக்காரர்களுக்கு அது சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரம். இரவு வேலைக்காரர்களுக்கோ பாதித் தூக்கம். இரண்டு தரப்புக்கும் சரிசமமாக அநியாயம் செய்கிற நேரமாகப் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார். அதை மாற்ற வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கும் ஆள் சேர வேண்டும். அதனால் மாறவில்லை.

கூட்டம் நடக்கும் அறை மாடியில், அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. ராத்திரி முழுக்க எரிந்த அடுப்பின் சூடு சுவர் வழியாக மெல்ல மெல்ல ஏறி மத்தியானத்தில்தான் மாடிக்கு வந்து சேரும். தரை வெதுவெதுப்பாக இருக்கும். பெஞ்சுப் பலகையில்கூட ரொட்டி வாசம் ஊறிக் கிடக்கும். ஜன்னல் கண்ணாடியில் மாவு படிந்திருந்ததால் வெயில் பாலாக மாறி உள்ளே வரும். அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் கண் விழித்திருக்கிறவரை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வண்டிக்காரர் சொல்வார். கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேனை ஓட்டுகிறவர் அவர். ஸ்டியரிங் இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் முதலில் தூங்குகிறவரும் அவரே.

கூடம் உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு. மொத்தம் பதினேழு பேர். எந்த முடிவானாலும் ஒன்பது பேராவது அறையில் இருந்து எடுத்தால்தான் செல்லும். துணை விதிகளில் அதற்குக் குறைவெண் என்று பெயர். பேச்சில் கோரம். கோரம் இல்லாமல் எடுத்த முடிவு ஈஸ்ட் போடாத மாவு மாதிரி, எவ்வளவு பிசைந்தாலும் எழும்பாது.

சிக்கல் என்னவென்றால், அறையில் இருக்கிறவர் தூங்கிவிட்டால் அவர் இருக்கிறாரா இல்லையா? ஒரு காலத்தில் இதற்காகவே பெரிய ரகளை நடந்திருக்கிறது. தூங்குகிறவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு கட்சி. சேர்க்காவிட்டால் இந்தக் கூடத்தில் ஒரு ஜன்னலைக்கூடப் பூட்டித் திறக்க முடிவெடுக்க முடியாது என்று இன்னொரு கட்சி. கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது. காலில் ஷூ இருந்தால் ஆள் வந்திருக்கிறார். ஷூவைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குப் போய்விட்டார்.

இது அந்த ஆட்களுக்கு மட்டுமே விளங்குகிற நியாயம். சூட்டுத் தட்டு காலில் விழுந்தால் என்னாவது என்று அங்கே எல்லோரும் கனமான தோல் ஷூ போட்டுத்தான் வேலை செய்வார்கள். ஷூ காலில் இருக்கிற வரைக்கும் வேலை. அதைக் கழற்றி விரல்களை நீட்டி மடக்கி ஒரு பெருமூச்சு விட்டால் அன்றைய பாடு முடிந்தது. எனவே தூங்குகிறவர் ஷூ போட்டிருந்தால் கோரத்தில் சேர்த்தி, ஆனால் ஓட்டு இல்லை. கை தூக்கியவர்களின் கைகள்தான் ஓட்டு. ஒருவர் ஷூவை இன்னொருவர் தொடக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அந்த விதி எந்தக் குறும்பினால் வந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்னால் செயலாளர் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெஞ்சுகளுக்கு அடியில் கால்களை எண்ணிக்கொண்டே போவார். பிறகு இரண்டால் வகுப்பார். பிஸ்கட் பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் பொறுப்பாளர் அவர். விதியைத் தவிர வேறெதையும் பேசமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சட்டம்’. சொந்த மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி.

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தது ஒரே ஒரு விஷயம். அது மாவக்காவின் விஷயம்.

மாவக்கா என்பது மாவு பிசைகிற அக்கா. பதினோரு வருஷமாக இரவு வேலை. ஊர் படுக்கப் போகும்போது அவள் தொட்டியில் மாவைக் கொட்டுவாள். ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது கையில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். கூடத்தின் முன்பக்கத்தில் ரொட்டி விற்கும் கவுண்ட்டரில் இருந்த அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. பகல் வேலை. மாவக்கா அதைக் கேட்டிருந்தாள். ஒரு உறுப்பினர் இரவிலிருந்து பகலுக்கு மாற வேண்டுமென்றால் உறுப்பினர் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று முறை கூட்டம் கூட்டியாயிற்று. ஒருமுறை மழை. ஒருமுறை ஆள் வந்தும், விஷயம் வருவதற்குள் பாதிப்பேர் ஷூவைக் கழற்றிவிட்டார்கள். ஒருமுறை எட்டுப் பேரோடு நின்றுவிட்டது. இந்த மாதத்துக்குள் முடிவாகாவிட்டால் கவுண்ட்டருக்கு வெளியாளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த இடம் எப்போது காலியாகுமோ, யார் கண்டது.

பகல் வேலை எதற்கு என்று கேட்டவர்களிடம் அவள் முதுகு வலி என்று சொல்லி வைத்தாள். முதுகு வலி உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. காரணம் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் பொழுது சாய வருவார். அவர் வரும் நேரம் இவள் கிளம்பும் நேரம். ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்குகிற குடும்பம். விடிந்ததும் அவள் வந்து படுக்கும்போது தலையணையில் அவர் விட்டுப்போன சூடு இருக்கும். அந்தச் சூட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் தூங்குவாள். சாயங்காலம் அவர் சாயும்போது அவளுடைய சூடு இருக்குமாம். அதில் கொஞ்சம் மாவு வாசமும் இருக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூட்டோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியும்?

தூங்கும்போது அவள் அவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். கனவில்தான். கனவில் அவர் நிறையப் பேசுவார், நிஜத்தைவிட நன்றாகவே பேசுவார். போகப் போக எது கனவில் பேசியது, எது நிஜத்தில் பேசியது என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

“அம்மாவுக்கு போன் பண்ணச் சொன்னேனே, பண்ணீங்களா?”

“எப்போ சொன்னே?”

“நேத்து. நீங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னீங்களே.”

“என்கிட்ட நீலச் சட்டையே கிடையாதே.”

அப்போது இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கனவில் சட்டையின் நிறம் தப்பாக வரும் என்று கண்டுபிடித்து, இனிமேல் எதையும் சட்டையை வைத்துச் சரிபார்ப்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாள் அது விளையாட்டாக ஓடியது.

பிறகு ஒருநாள், அவள் தூக்கத்தில் இருக்கும்போது அவர் பாதி வேலையில் வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, “லிஃப்ட் கதவுல கை மாட்டிக்கிச்சு. தையல் போட்டிருக்காங்க,” என்றார். “ஐயோ,” என்றாள் அவள். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். கனவு என்று நினைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுமுறை நாளில் சாப்பிட உட்காரும்போதுதான் அவருடைய வலது கையில் கட்டைப் பார்த்து, “இது எப்போ?” என்றாள்.

“சொன்னேனே,” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. இடது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே அவர் அவளைப் பார்த்த பார்வை, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மறுநாளே அவள் கவுண்ட்டர் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த மனிதர் முழுக்கக் கனவாகிவிடுவதற்குள் அவரைப் பகலில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தவிப்பு.

எதிர்ப்பு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அடுப்பண்ணன்.

அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பதினோரு வருஷமும் இரவெல்லாம் அவரும் அவளும்தான். அவள் பிசைந்து உருட்டித் தட்டில் வைத்துக் கொடுப்பாள். அவர் நீளத் துடுப்பால் அடுப்புக்குள் தள்ளுவார். “தங்கச்சி, அடுத்த தட்டு,” என்பார். “வந்துட்டேண்ணே,” என்பாள். ஒரு ராத்திரிக்கு நூறு தடவையாவது இந்தப் பேச்சு நடக்கும். வேறு பேச்சு கொஞ்சம்தான், ஆனால் இருக்கும். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளுமாக அவர் வீடு நிறைய ஆட்கள். அவர்கள் விழித்திருக்கும்போது இவர் தூங்குவார். ஆகமொத்தம் அவர் வாய் திறந்து பேசுவது இவளிடம்தான் என்பது இவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எழுதிக் கொடுத்ததை அவரிடம் சொல்லப் பத்து நாள் ஆயிற்று.

மாவு தொட்டியில் உப்பி வரும்வரை அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கும். அப்போது அடுப்பண்ணன் ஷூவை அவிழ்த்து, மூக்கு சுவரைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்துவிட்டு, மாவு மூட்டையில் சாய்வார். பத்து நிமிடத் தூக்கமானாலும் ஷூவைக் கழற்றாமல் அவருக்கு ஆகாது. “ஷூவோட எனக்குக் கண்ணு மூடாது தங்கச்சி. யாரோ காலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும்,” என்பார். தூங்கினால் பூனை மாதிரி சத்தமே வராது. நடுவில் மட்டும் கண்ணைத் திறக்காமலே, “தங்கச்சி, அடுத்த தட்டு,” என்பார். அவளும் தொட்டியடியில் இருந்தபடியே, “வந்துட்டேண்ணே,” என்பாள். பதில் வராவிட்டால் அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

அவள் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“வேற கை பிசைஞ்சா என் அடுப்பு கேக்காது,” என்றார்.

“கேக்கும்ணே. நாலு நாள் முரண்டு பிடிக்கும். அப்புறம் கேக்கும்.”

மூன்றாவது கூட்டமும் எட்டுப் பேரோடு நின்ற அன்று ராத்திரி அவள் மறுபடி பேச்செடுத்தாள்.

“நான் கை தூக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். என் கையால அது நடக்காது.”

“தூக்க வேணாம். வந்து உக்காருங்க, போதும்.”

“உக்காந்தா மட்டும்? என்னை வெச்சுத்தானே கணக்கு முடியுது. ஓட்டுக்கு முன்னாடி எழுந்து போயிடுவேன்.”

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. எதிர்த்துக் கை தூக்கினால் ஒரு ஓட்டுதான் குறையும். அது அவளை ஒன்றும் செய்யாது. எழுந்து போனால் கூட்டமே போய்விடும். அதன்பிறகு அவள் அவரிடம் கெஞ்சவில்லை. கோபம் வந்துவிட்டது. பதினோரு வருஷம் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டதற்கு இதுதானா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். கூட்டத்துக்கு இருந்த அந்த இரண்டு வாரமும் அவர்கள் இருவருக்கும் நடுவில் தட்டைத் தவிர வேறு பேச்சில்லை.

கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அவள் படாதபாடு பட்டாள். வண்டிக்காரரை வேனிலிருந்தே இறக்கிக் கூட்டிவந்தாள். கேக்குக்கு க்ரீம் வைக்கிற க்ரீமக்காவிடம் வீட்டு வாசலில் போய் நின்றாள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் உண்டு, உருவத்தினால் அவருக்கே மூட்டை என்று பெயர். அவருக்கு இரண்டு பன் வாக்களித்தாள். சம்பந்தப்பட்ட உறுப்பினர் ஓட்டு எடுக்கும்போது அறையில் இருக்கக் கூடாது என்று விதி இருந்ததால், அவளைக் கழித்து ஒன்பது பேர் வேண்டும். அன்றைக்கு மாடி ஏறி வந்தவர்கள், அவளைக் கழித்து, சரியாக ஒன்பது பேர். ஒன்பதாவதாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் அடுப்பண்ணன்.

வந்துவிட்டாரே என்று அவளுக்கு ஒரு நிமிடம் உச்சி குளிர்ந்தது. மறுநிமிடமே அவர் கதவுக்குப் பக்கத்து ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். எழுந்து போக வசதியான இடம்.

சட்டம் எழுந்து, போன கூட்டம் ஏன் நடக்கவில்லை என்பதை விவரமாக வாசிக்க ஆரம்பித்தார். நடக்காத கூட்டத்தைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேரம் வாசிக்க முடியும் என்பதே ஆச்சரியம். இரண்டாவது பக்கத்தில் வண்டிக்காரர் தலை தொங்கிற்று. மூன்றாவதில் மூட்டை, தன் தோளில் தானே சாய்ந்துகொண்டார். க்ரீமக்கா கண்ணைத் திறந்தபடி எங்கோ போய்விட்டாள். பால் நிறத்து வெயிலில் மாவுத் தூசி மிதந்தது. தூசி இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மாவக்காவுக்கும் அறை மெதுவாக உப்பி வருவது போலிருந்தது. உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டாள்.

“இப்போ விஷயத்துக்கு வரலாம்,” என்றார் சட்டம். “கோரம் பார்க்கணும்.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் போனார். மூட்டையின் பெஞ்சுக்கு அடியில் வந்ததும் நின்றுவிட்டார். மாவக்காவும் குனிந்து எட்டிப் பார்த்தாள். மூட்டையின் இடது கால் ஷூவை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது.

“என்னங்க?” என்றாள்.

“குதிகால் வெளியில இருக்கு. விரல் உள்ள இருக்கு.” சட்டம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “ஆள் கிளம்பிட்டார். ஆனா இன்னும் போகல. இருக்கார்னுதான் எழுதணும்.”

அவர் நிமிரும்போது இடுப்பு எலும்பு சொடக்குப் போட்டது. ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு, “மாவக்கா, நீங்க வெளியில இருக்கணும்,” என்றார்.

அவள் எழுந்தாள். கதவைத் தாண்டும்போது அடுப்பண்ணனை ஏறெடுத்துப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தன் ஷூ முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்தினார்கள். மாடிப்படியில் நாலு படி இறங்கி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக அறையின் தரை வரும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த இடுக்கில் அவளுக்கு ஆட்கள் தெரியவில்லை, ஷூக்கள்தான் தெரிந்தன. பெரும்பாலும் மாவு படிந்து வெளுத்தவை. வண்டிக்காரருடையது ஒன்றுதான் கறுப்பாகச் சேறோடு இருந்தது. எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம், ரொம்பக் கிட்டத்தில், அடுப்பண்ணனின் பழுப்பு ஷூக்கள். முனையில் நெருப்புப் பொறி பட்ட புள்ளிகள். அந்தப் புள்ளிகளை அவளால் கண்ணை மூடிக்கொண்டே எண்ண முடியும்.

உள்ளே சட்டத்தின் குரல் கேட்டது. தீர்மானத்தை வாசிக்கிறார். அவள் பழுப்பு ஷூக்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவை எழுந்தால் கூட்டமே கலைந்துவிடும். வலது ஷூ கொஞ்சம் பின்னால் போயிற்று. எழப்போகிறவர் காலை அப்படித்தான் பின்னால் இழுப்பார். ‘வேணாம்ணே,’ என்று அவள் உதட்டுக்குள் சொன்னாள். குதிகால் எழும்பியது. பெஞ்சு முனகியது. பிறகு அந்தக் கால் மெல்ல முன்னால் வந்து, மற்றதன் பக்கத்தில் தட்டையாகப் பதிந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டை கேட்டது. பெரிய குறட்டை. அறையே அதிர்ந்தது.

தூங்கிவிட்டார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த அறையின் சூடு அவரையும் சாய்த்துவிட்டது. எழுந்து போக நினைத்த மனிதர் போக மறந்து தூங்கிவிட்டார். எதிர்க்க வந்தவரின் காலே கோரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. குறட்டையில் சட்டத்தின் குரல் மூழ்கி மூழ்கி எழுந்தது. பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதும் அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்துபோயிற்று. சுவரும் வெதுவெதுப்பாக இருந்தது. தலையைச் சாய்த்தாள்.

ஷூக்கள் ஒவ்வொன்றாக நடந்து வெளியே வந்தன. ஆட்கள் இல்லாமல் ஷூக்கள் மட்டும். கதவிடுக்கில் நுழைந்து, ஜோடி ஜோடியாகப் படியிறங்கி, அவளைத் தாண்டிப் போயின. சத்தமே இல்லை. கடைசியாகப் பழுப்பு ஷூக்கள் அவள் பக்கத்தில் வந்து நின்றன. கீழே லிஃப்ட் கதவு திறந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏது? உள்ளே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், பச்சைச் சட்டையில். “மேல போகலாமா, கீழ போகலாமா?” என்றார். “நீங்க எங்க இருக்கீங்களோ அங்க,” என்றாள்.

யாரோ அவள் தோளைத் தொட்டார்கள்.

“மாவக்கா. நிறைவேறிடுச்சு.”

சட்டம் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரை முழித்து முழித்துப் பார்த்தாள். “உங்க சட்டை என்ன நிறம்?” என்றாள்.

“வெள்ளை. ஏன்?”

“பித்தான் எல்லாம் சரியா இருக்கா?”

“ஒண்ணு இல்ல. எப்பவுமே இல்ல.” சட்டத்துக்கு லேசாகக் கவலை வந்துவிட்டது. “நாலு கை ஆதரவு. எதிர்ப்பு இல்ல. அஞ்சு பேர் தூக்கம். ஒன்பது ஜோடி ஷூ. எல்லாம் முறைப்படி. அடுத்த வாரத்துலேருந்து நீங்க பகல்.”

சட்டத்தின் சட்டையில் ஒரு பித்தான் இல்லாதது ஊரறிந்த விஷயம். கனவில் அது இருந்திருக்கும். அப்படியானால் இது நிஜம். அவள் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே ஒவ்வொருவராக விழித்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் எழுந்ததும் முதல் வேலையாக இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். மூட்டை தன் இரண்டு பன்னையும் கேட்டு வாங்கிக்கொண்டு, குதிகாலை உள்ளே திணித்தபடி நொண்டி நொண்டிப் போனார். க்ரீமக்கா அவள் கன்னத்தைக் கிள்ளி, “போ, போய் உன் புருஷன் மூஞ்சியப் பாரு,” என்றாள். முதுகு வலிக் கதையை ஒருத்தியாவது நம்பவில்லை என்று தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு கடைசி பெஞ்சில் அடுப்பண்ணன் மட்டும் இருந்தார். கண் மூடியிருந்தது. குறட்டை இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் எதிரே போய் நின்றாள்.

“அண்ணே. கூட்டம் முடிஞ்சிடுச்சு.”

குறட்டை சட்டென்று நின்றது. கண் திறந்தது. அந்தக் கண்ணில் தூக்கத்தின் சிவப்பே இல்லை.

“முடிஞ்சுதா? அசந்துட்டேன் போல,” என்றார். “என்ன ஆச்சு?”

“நிறைவேறிடுச்சுண்ணே.”

“அப்படியா. நான் கை தூக்கலயே?”

“தூக்கலண்ணே.”

“அதானே. என் கையால நடக்காதுன்னு சொன்னேன்ல.” அவர் கொட்டாவி விட்டார். நன்றாகப் பார்த்தால் அது கொட்டாவி மாதிரியே இல்லை.

பிறகு குனிந்து ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு முடிச்சு இல்லை, இரட்டை முடிச்சு, அதன்மேல் இன்னொன்று. விரலுக்கு வரவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் ஷூவுக்கு அப்படி முடிச்சுப் போட்டு அவள் பார்த்ததில்லை. இரண்டையும் கழற்றி, மூக்கு சுவரைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்தார். விரல்களை நீட்டி மடக்கினார். பெஞ்சில் கால் நீட்டிப் படுத்தார். “நீ போ. நான் கொஞ்சம் கண்ணு மூடிக்கிறேன்,” என்றார். அடுத்த மூச்சிலேயே தூங்கிப் போனார்.

சத்தமே இல்லை. பூனைத் தூக்கம்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஷூவோடு கண் மூடாத மனிதர் ஷூவோடு தூங்கியிருக்கிறார். குறட்டையே விடத் தெரியாதவர் ஊருக்கே கேட்கும்படி குறட்டை விட்டிருக்கிறார். சொன்ன சொல் தவறாமல் கையைத் தூக்காமல், போகக் கூடாது என்று காலைக் கட்டிப்போட்டுக்கொண்டு, ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு வாரமாக இந்த மனிதரைத் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எழுப்பி, அண்ணே என்று கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. எழுப்பவில்லை. எழுப்பினால் அவர் தூங்கினேன் என்றுதான் சாதிப்பார்.

வீட்டில் வீட்டுக்காரர் வர இன்னும் நேரம் இருந்தது. இன்றைக்கு அவர் வரும்போது முழு விழிப்போடு வாசலில் நின்று, சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். கையில் இருந்த தழும்பையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவள் கதவருகே போனாள்.

“தங்கச்சி,” என்றார் அடுப்பண்ணன் பின்னாலிருந்து. கண் மூடியே இருந்தது. “அடுத்த தட்டு.”

கதவைப் பிடித்தபடி அவள் நின்றாள். ஜன்னல் வெயில் அவருடைய வெறுங்கால்களில் விழுந்திருந்தது. அவர் காத்திருக்கிறார் என்பது புருவத்தில் தெரிந்தது.

“வந்துட்டேண்ணே,” என்றாள்.

புருவம் தளர்ந்தது. அவர் தூங்கினார். அவள் சத்தம் வராமல் படியிறங்கிப் போனாள்.